மூன்றாம் நாளா, நான்காம் நாளா? சி மொழியின் நிபந்தனைக் கூற்றுகளும் வங்கியின் தீர்மானங்களும்

காசோலை ஒன்று கிளைக்கு வந்து சேர்ந்தால், அதற்கு ஒப்புதல் அளிக்க வேண்டிய அலுவலர் தம் மனத்துக்குள் சில கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்கிறார். தேதி எழுதப்பட்டுள்ளதா? அத்தேதியிலிருந்து மூன்று மாதங்கள் கடந்துவிட்டனவா? எண்ணால் எழுதிய தொகையும் எழுத்தால் எழுதிய தொகையும் ஒன்றுதானா? கையொப்பம் பதிவில் உள்ளதோடு பொருந்துகிறதா? பணம் கொடுக்க வேண்டாம் என்று கணக்கு உரிமையாளர் எழுதிக் கொடுத்திருக்கிறாரா? போதிய இருப்பு உண்டா? ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரண்டு விடைகளே உண்டு. விடை எதுவோ அதற்கேற்பக் காசோலை அடுத்த கேள்விக்குச் செல்கிறது அல்லது திரும்பி வருகிறது.

பல்லாண்டு அனுபவம் உள்ள ஓர் அலுவலர் இத்தனையையும் அரை நிமிடத்தில் முடித்துவிடுவார். ஐயம் எழுந்தால் வாடிக்கையாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பார். இதே வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கும்போது அரை நிமிடம் ஒரு நொடியிலும் சிறிய பகுதியாகச் சுருங்குகிறது. ஆனால் ஐயம் கொள்ளும் வழக்கம் கணினிக்கு இல்லை. எந்தக் கேள்வியை, எந்த வரிசையில், எந்த எல்லையோடு கேட்க வேண்டும் என்று எழுதி வைத்தோமோ அதை மட்டுமே அது கேட்கும்.

இதைப் பற்றி எழுதத் தூண்டியவர் நம் வாடிக்கையாளர் ஒருவரின் மகள். பெங்களூரு அல்சூர்ப் பகுதியைச் சேர்ந்த அப்பெரியவர் நிரந்தர வைப்பைப் புதுப்பிக்க வந்தபோது, பொறியியல் முதலாண்டு படிக்கும் மகளும் உடன் வந்திருந்தார். கையில் சி மொழிப் பாடக்குறிப்பேடு. “மூன்று எண்களில் பெரியது எது, ஆண்டு லீப் ஆண்டா என்றுதான் சார் எல்லாக் கணக்கும் இருக்கிறது. இதை வைத்து உண்மையில் என்ன செய்வார்கள்?” என்று கேட்டார். வணிகவியல் பட்டம் பெற்று, பேரேட்டிலிருந்து கணினிக்கு வந்தவர்கள் நாங்கள். நிரலாளர்கள் அல்லர். ஆயினும் வங்கி மென்பொருளைச் சோதிக்கும் குழுவில் சில காலம் இருந்த அனுபவத்தால் அவருக்கு ஒரு விடை சொல்ல முடிந்தது. அவ்விடையைச் சற்று விரித்து இங்கே தருகிறோம்.

சி மொழி 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி என்பவரால் உருவாக்கப்பட்டது. அவரும் பிரையன் கெர்னிகனும் சேர்ந்து 1978இல் வெளியிட்ட நூலின் வழியே அது உலகெங்கும் பரவியது. இந்திய வங்கிகளில் கணினிமயமாக்கலுக்கு வழிகாட்டிய ரங்கராஜன் குழு தன் முதல் அறிக்கையை அளித்தது 1984இல். அதற்கு முந்தைய ஆண்டில்தான் இன்ஃபோசிஸ் நிறுவனம் புனேயிலிருந்து பெங்களூருக்கு இடம்பெயர்ந்திருந்தது. அந்நிறுவனத்தின் ‘ஃபினக்கிள்’ என்னும் வங்கி மென்பொருள் இன்று நாட்டின் பல வங்கிகளில் இயங்குகிறது. வங்கி மென்பொருள்கள் பல மொழிகளில் எழுதப்படுகின்றன. எந்த மொழியாயினும் தீர்மானம் எடுக்கும் இடத்தின் அமைப்பு சி மொழியில் உள்ளதைப் பெரிதும் ஒத்தே இருக்கும். சி கற்றவர் மற்றவற்றை எளிதில் படித்துவிடலாம் என்பதாலேயே கல்லூரிகள் இதிலிருந்து தொடங்குகின்றன.

சி மொழியின் அடிப்படை நிபந்தனைக் கூற்று ‘இஃப்’. கணினியில் இச்சொற்களை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். இங்கே படிப்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று தமிழ் எழுத்துகளில் தருகிறோம்.

இஃப் (வயது >= 60)
    வட்டி = வட்டி + 0.50;

அடைப்புக்குறிக்குள் இருப்பது நிபந்தனை. அது உண்மையானால் அடுத்த கூற்று நிறைவேறும். பொய்யானால் அக்கூற்றைத் தாண்டி நிரல் கீழே செல்லும். ‘இல்லாவிட்டால் இதைச் செய்’ என்று சொல்ல வேண்டுமானால் ‘எல்ஸ்’ என்ற சொல்லைச் சேர்க்கிறோம். ஒப்பிடுவதற்கான குறிகள் ஆறு: சிறியது, சிறியது அல்லது சமம், பெரியது, பெரியது அல்லது சமம், சமம், சமமன்று. இலக்கணம் இவ்வளவே. அரைமணி நேரத்தில் கற்றுவிடலாம்.

மேலே உள்ள இரண்டு வரிகளில் எங்களை ஒருநாள் முழுதும் உட்கார வைத்த செய்தி ஒன்று உண்டு. சோதனைக் குழுவில் இருந்தபோது, மூத்த குடிமக்களுக்கு அரை விழுக்காடு கூடுதல் வட்டி தரும் பகுதி எங்கள் மேசைக்கு வந்தது. வயது 45 என்று இட்டோம், கூடுதல் வட்டி வரவில்லை. 67 என்று இட்டோம், வந்தது. சரி என்று கையொப்பமிடப் போகும் வேளையில், காசாளராக நெடுநாள் இருந்த உடன்பணியாளர் ஒருவர் 60 என்று இட்டுப் பார்க்கச் சொன்னார். கூடுதல் வட்டி வரவில்லை. நிரலில் ‘பெரியது அல்லது சமம்’ என்பதற்குப் பதில் ‘பெரியது’ என்ற குறி மட்டும் இருந்தது. அறுபது நிறைந்தவர் என்று விதி சொல்ல, அறுபதைத் தாண்டியவர் என்று நிரல் சொன்னது. சரியாக அறுபது வயதில் ஐந்து இலட்சம் ரூபாயை வைப்பில் இடுபவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் குறைந்திருக்கும். பலருக்கு இது பணி ஓய்வு பெறும் வயது. பணிக்கொடையைக் கொண்டுவந்து வைப்பில் இடும் வயதும் அதுவே. விடுபட்டது சமக்குறி ஒன்று. பாதிக்கப்பட இருந்தவர்களோ அந்தத் திட்டத்துக்கு யார் மிகுதியாக வருவார்களோ அவர்கள்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு பழக்கம் நிலைபெற்றது. நிபந்தனையில் எந்த எண் எழுதப்பட்டிருக்கிறதோ, முதலில் அந்த எண்ணையே இட்டுப் பார்ப்பது; பின்னர் அதற்கு ஒன்று முன்னும் ஒன்று பின்னும் இட்டுப் பார்ப்பது. நடுவில் உள்ள எண்கள் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை.

இனி, வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு விதியை எடுத்துக்கொண்டு, அதையே நிரலாக எழுதிப் பார்ப்போம். அனுமதியின்றி ஒருவர் கணக்கிலிருந்து மின்னணு வழியில் பணம் எடுக்கப்பட்டால், இழப்பில் வாடிக்கையாளரின் பொறுப்பு எவ்வளவு? இதனை வரையறுத்து இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன் சாரம் இது. வங்கியின் பக்கம் மோசடியோ கவனக்குறைவோ குறைபாடோ இருந்தால், வாடிக்கையாளர் புகார் அளித்தாலும் அளிக்காவிட்டாலும் அவர் பொறுப்பு சுழியம். கடவுச்சொல்லைப் பிறருக்குத் தெரிவித்தது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், அவர் வங்கிக்கு அறிவிக்கும் வரையிலான இழப்பு முழுதும் அவருடையது. அறிவித்த பின் நேரும் இழப்பு வங்கியுடையது. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, இடையில் வேறெங்கோ இருக்கிறது என்றால் நாள்கணக்கு தீர்மானிக்கும். வங்கியின் செய்தி கிடைத்தபின் மூன்று வேலைநாள்களுக்குள் அறிவித்தால் பொறுப்பு சுழியம். நான்கு முதல் ஏழு வேலைநாள்களுக்குள் என்றால், பறிபோன தொகை, கணக்கின் வகைக்கு உரிய உச்சவரம்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அது. ஏழு வேலைநாள்களும் கடந்துவிட்டால், அந்தந்த வங்கியின் இயக்குநர் குழு ஏற்ற கொள்கைப்படி.

இதைச் சி மொழியில் ‘எல்ஸ் இஃப்’ ஏணியாக எழுதலாம்.

இஃப் (வங்கியின்_தவறு == 1)
    பொறுப்பு = 0;
எல்ஸ் இஃப் (வாடிக்கையாளர்_தவறு == 1)
    பொறுப்பு = அறிவிக்கும்_வரை_இழப்பு;
எல்ஸ் இஃப் (வேலைநாள் <= 3)
    பொறுப்பு = 0;
எல்ஸ் இஃப் (வேலைநாள் <= 7)
    பொறுப்பு = குறைந்தது(தொகை, உச்சவரம்பு);
எல்ஸ்
    பொறுப்பு = வாரியக்_கொள்கை(தொகை);

ஏணி என்று சொல்வதற்குக் காரணம், கணினி மேற்படியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வருவதே. எந்தப் படியில் நிபந்தனை முதலில் உண்மையாகிறதோ அங்கே உள்ள கூற்றை நிறைவேற்றிவிட்டு ஏணியை விட்டே வெளியேறிவிடும். கீழ்ப்படிகளைப் பார்ப்பதே இல்லை. நான்காம் படியில் ‘நாள் நான்கு முதல் ஏழு வரை’ என்று எழுதாமல் ‘ஏழு அல்லது குறைவு’ என்று மட்டும் எழுதியதும் அதனால்தான். மூன்று நாள்களுக்குள் வந்தவர்கள் மேற்படியிலேயே பிரிந்து போய்விட்டார்கள்.

வரிசை மாறினால் என்ன ஆகும்? ஏழு நாள் படியை மூன்று நாள் படிக்கு மேலே வைத்துப் பாருங்கள். இரண்டாம் நாளே ஓடி வந்து அறிவித்தவருக்கும் ‘ஏழு அல்லது குறைவு’ என்பது உண்மையாகிவிடும். சேமிப்புக் கணக்கில் 40,000 ரூபாயை இழந்தவர் பத்தாயிரம் ரூபாய் ஏற்க நேரிடும். அதற்குக் கீழே உள்ள மூன்று நாள் படி ஒருவரும் கால் வைக்காத படியாக நிரலில் அப்படியே கிடக்கும். நிரல்பெயர்ப்பி இதைப் பிழை என்று சொல்லாது, ஏனெனில் இலக்கணப்படி அதில் பிழையே இல்லை. அதேபோல முதல் இரண்டு படிகளை மறந்துவிட்டு நாள்கணக்கிலிருந்து தொடங்கினால், வங்கியின் தவறால் பணம் இழந்து பத்தாம் நாள் வந்தவர் கடைசிப் படிக்குத் தள்ளப்படுவார். அவருக்கு நாள்கணக்கே கிடையாது என்பதல்லவா விதி?

‘வேலைநாள்’ என்ற மாறிக்குள் மறைந்திருக்கும் சிக்கலைப் பெங்களூருவில் வாழும் தமிழர்கள் எளிதாக உணர்வார்கள். ஓசூரில் வீடும் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலையுமாக நாள்தோறும் மாநில எல்லையைக் கடப்பவர்கள் நம்மில் பலர். சிலருக்குக் கணக்கு ஓசூர்க் கிளையில், சிலருக்குப் பெங்களூருவில். வேலைநாள்களை வாடிக்கையாளரின் கணக்குள்ள கிளையின் வேலை அட்டவணைப்படி எண்ண வேண்டும், செய்தி கிடைத்த நாளைச் சேர்க்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல்.

2025ஆம் ஆண்டின் நாள்காட்டியை வைத்துக் கணக்கிடுவோம். அக்டோபர் 30, வியாழக்கிழமை. ஒரே அலுவலகத்தில் பணிபுரியும் இருவருக்குக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது என்று கொள்வோம். வெள்ளிக்கிழமை இருவருக்கும் முதல் வேலைநாள். நவம்பர் 1, மாதத்தின் முதல் சனிக்கிழமை. ஓசூரில் வங்கி திறந்திருந்த நாள், ஆகவே அங்கே இரண்டாம் வேலைநாள். கருநாடகத்திலோ அது இராஜ்யோத்சவ விடுமுறை. ஞாயிறு இரண்டு இடத்திலும் விடுமுறை. திங்கட்கிழமை ஓசூருக்கு மூன்றாம் நாள், பெங்களூருக்கு இரண்டாம் நாள். இருவரும் செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்றாகப் போய்ப் புகார் அளிக்கிறார்கள். பெங்களூருக் கிளையில் கணக்கு வைத்திருப்பவருக்கு அது மூன்றாம் நாள், பொறுப்பு சுழியம். ஓசூர்க் கிளையில் கணக்கு வைத்திருப்பவருக்கு நான்காம் நாள். சேமிப்புக் கணக்காயின் பத்தாயிரம் ரூபாய் வரை அவர் பொறுப்பு. ஏணியின் படிகள் அனைத்தும் சரியாக இருந்தும், விடுமுறைப் பட்டியலை மாநிலவாரியாகப் பார்க்காத நிரல் இருவரில் ஒருவருக்குத் தவறான விடையைத் தந்துவிடும். நிபந்தனை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதற்குள் வந்து சேரும் எண் சரியாக இருக்க வேண்டும்.

உச்சவரம்பைத் தீர்மானிக்கும் பகுதியைச் ‘சுவிட்ச்’ என்னும் கூற்றால் எழுதலாம். ஒரு முழு எண்ணின் மதிப்பைப் பார்த்துப் பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவுவது அது. கணக்கு வகைகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்திருப்பதாகக் கொள்வோம். அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 1. பிற சேமிப்புக் கணக்குகளுக்கும் ஐந்து இலட்சம் ரூபாய் வரை வரம்புள்ள கடனட்டைகளுக்கும் 2. பெரிய நடப்புக் கணக்குகளுக்கும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வரம்புள்ள கடனட்டைகளுக்கும் 3.

சுவிட்ச் (கணக்கு_வகை) {
    கேஸ் 1: உச்சவரம்பு = 5000; பிரேக்;
    கேஸ் 2: உச்சவரம்பு = 10000; பிரேக்;
    கேஸ் 3: உச்சவரம்பு = 25000; பிரேக்;
    டிஃபால்ட்: அலுவலருக்கு_அனுப்பு();
}

ஒவ்வொரு வரியின் முடிவிலும் உள்ள ‘பிரேக்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சி மொழியில் சுவிட்ச் என்பது ஓடையைப் போன்றது. உரிய இடத்தில் இறங்கியபின் ‘பிரேக்’ என்ற அணை தடுக்காவிட்டால் கீழே உள்ள எல்லா வரிகளின் மீதும் ஓடும். முதலிரண்டு பிரேக்குகளையும் விட்டுவிட்டால், அடிப்படைச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் ஓர் ஏழை வாடிக்கையாளருக்கு உச்சவரம்பு முதலில் ஐந்தாயிரம் ஆகும், அடுத்து பத்தாயிரம் ஆகும், கடைசியில் இருபத்தைந்தாயிரத்தில் வந்து நிற்கும்.

‘டிஃபால்ட்’ என்பது எந்த எண்ணோடும் பொருந்தாதவற்றுக்கான வழி. மாணவர்கள் பெரும்பாலும் அதில் ‘தவறான தேர்வு’ என்று ஒரு வரியை அச்சிட்டு முடித்துவிடுகிறார்கள். எங்கள் கருத்தில், ஒரு நிரலை எழுதியவரின் பொறுப்புணர்ச்சியை அந்த ஒரு வரியைப் பார்த்தே அறியலாம். நாளைக்கு நான்காவதாக ஒரு கணக்கு வகை வரலாம். அப்போது கணினி தானாக ஒரு தொகையை முடிவு செய்வதைவிட, அலுவலர் ஒருவரின் மேசைக்கு அனுப்பிவிட்டு நிற்பதே மேல். சற்றுத் தாமதம் ஆகும். ஆனால் தவறான தொகை யார் தலையிலும் விழாது.

பிரேக் பற்றிய குழப்பம் பெருந்தொல்லை விளைவித்த வரலாறும் உண்டு. 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் தொலைதூரத் தொலைபேசி இணைப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தம்மைத் தாமே நிறுத்தி மீண்டும் தொடங்கிக்கொண்டிருந்தன. சேவை சீராக ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் ஆயிற்று. காரணத்தைத் தேடியபோது, சி நிரல் ஒன்றில் சுவிட்ச் கூற்றுக்குள் அமைந்த ஓர் இஃப் பகுதியில் பிரேக் எழுதப்பட்டிருந்தது தெரியவந்தது. இஃப் பகுதியிலிருந்து மட்டும் வெளியேறும் என்று நினைத்து எழுதியது, சி மொழியின் விதிப்படி சுவிட்ச் முழுவதிலிருந்தும் வெளியேறிவிட்டது.

குறிகள் செய்யும் குறும்பு இன்னொரு வகை. சி மொழியில் ஒற்றைச் சமக்குறி ஒப்பிடுவதில்லை. வலப்பக்கத்து மதிப்பை இடப்பக்கத்து மாறியில் இட்டுவிடும். ஒப்பிட இரட்டைச் சமக்குறி வேண்டும். பள்ளியில் கற்ற கணிதத்தின் பழக்கத்தில் ‘வங்கியின்_தவறு = 1’ என்று நிபந்தனைக்குள் எழுதினால், தவறு உண்டா என்று கேட்பதற்குப் பதில் ‘தவறு உண்டு’ என்று நிரலே எழுதிக்கொள்ளும். சுழியம் அல்லாத எந்த மதிப்பும் சி மொழிக்கு உண்மையாதலால், வரும் புகார்கள் அத்தனையும் முதற்படியிலேயே தீர்ந்துவிடும். வாடிக்கையாளர்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கலாம், தணிக்கையாளர் வரும்வரை.

இக்குறியைத் திட்டமிட்டே பயன்படுத்தியவர்களும் இருந்திருக்கிறார்கள். 2003 நவம்பரில், லினக்ஸ் இயங்குதளத்தின் மூலநிரல் நகல் வைக்கப்பட்டிருந்த ஓரிடத்தில் யாரோ இரண்டு வரிகளைச் சேர்த்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. குறிப்பிட்ட இரு தெரிவுகளும் வந்து, பயனர் எண்ணும் சுழியமாக இருந்தால் பிழை என்று அறிவி என்பதுபோல் அவ்வரிகள் தோற்றமளித்தன. ஆனால் பயனர் எண்ணுக்கு அருகில் இருந்தது ஒற்றைச் சமக்குறி. லினக்ஸில் பயனர் எண் சுழியம் என்றால் முழு அதிகாரமும் உடையவர் என்று பொருள். அந்த வரியை இயக்க வைத்தவர் யாராயினும் அவருக்கு அந்த அதிகாரம் ஓசையின்றிக் கிடைத்துவிடும். இட்ட மதிப்பு சுழியம் ஆதலால் நிபந்தனை பொய்யாகி, பிழை அறிவிப்பும் வராது. மூலப் பதிப்பின் பதிவுகளோடு நகல் ஒத்துப்போகவில்லை என்பதைக் கவனித்து, மூலநிரலில் சேருமுன்பே அதை நீக்கினர். பேரேட்டையும் துணைப் பேரேட்டையும் ஒப்பிட்டுச் சரிபார்க்கும் நம் பழைய வழக்கந்தான் அங்கும் காப்பாற்றியது என்று எண்ணி நாங்கள் சற்றுப் பெருமைப்பட்டதுண்டு.

நிபந்தனைக்குக் கீழே ஒரே கூற்று இருந்தால் நெளிவு அடைப்புக்குறி இடத் தேவையில்லை என்று சி மொழி சலுகை தருகிறது. மேலே நாமும் அச்சலுகையைப் பயன்படுத்திக்கொண்டோம். பணம் தொடர்பான நிரலில் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசிகளுக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. நாம் தொடர்புகொள்ளும் இணையதளம் உண்மையானதுதானா என்று சரிபார்க்கும் சி நிரலில், ‘சரியில்லை என்றால் இறுதிப் பகுதிக்குப் போ’ என்னும் இஃப் கூற்றின் கீழ், ‘போ’ என்ற வரி இரண்டு முறை இடம்பெற்றிருந்தது. அடைப்புக்குறி இல்லாததால் முதல் வரி மட்டுமே நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாம் வரி நிபந்தனைக்கு வெளியே நின்று எப்போதும் இயங்கியது. அதன் பின்னால் இருந்த கையொப்பச் சரிபார்ப்பு நடக்கவே இல்லை. நடக்காமலே ‘பிழையில்லை’ என்ற விடை திரும்பிற்று. இரண்டு வரிகளும் ஒரே அளவு உள்தள்ளி எழுதப்பட்டிருந்ததால் பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டுமே நிபந்தனைக்குள் இருப்பதாகத் தோன்றின. கணினி உள்தள்ளலைப் பார்ப்பதில்லை. கையொப்பத்தைச் சரிபாராமல் காசோலைக்குப் பணம் கொடுத்ததற்கு ஒப்பானது இது.

நம் ஏணிக்குத் திரும்புவோம். அதன் இரண்டாம் படியில் ‘வாடிக்கையாளர்_தவறு’ என்றொரு மாறி இருக்கிறது. அதில் 1 என்று இடுவதா 0 என்று இடுவதா என்பதை எந்த நிரலும் தீர்மானிக்க இயலாது. ஒருமுறைக் கடவுச்சொல்லை அவரே சொன்னாரா, போலி அழைப்பில் ஏமாந்தாரா, அவர் அறியாமலே அட்டை நகலெடுக்கப்பட்டதா என்பதெல்லாம் மனிதர் விசாரித்து அறிய வேண்டியவை. வாடிக்கையாளரின் பொறுப்பை மெய்ப்பிக்கும் சுமை வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை கூறுகிறது. நிரலின் மொழியில் சொன்னால், அந்த மாறியின் தொடக்க மதிப்பு சுழியம். சான்று காட்டித்தான் அதை ஒன்றாக மாற்ற வேண்டும். சி மொழியில் செயற்கூறுக்குள் அறிவிக்கும் மாறிக்குத் தொடக்க மதிப்பைத் தராவிட்டால் அதில் என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ‘வாடிக்கையாளர்_தவறு = 0’ என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்ல நிரலாக்கப் பழக்கம் மட்டுமன்று, விதியின் கட்டளையும் ஆகும்.

வாடிக்கையாளர்கள் செய்ய வேண்டியது ஒன்றே. அறிமுகமில்லாத பற்று பற்றிய குறுஞ்செய்தி வந்தால் மூன்றாம் நாளை எண்ணிக்கொண்டிராமல் அந்த நிமிடமே வங்கியின் உதவி எண்ணுக்கு அறிவித்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணிலும் தெரிவியுங்கள். அறிவித்த பத்து வேலைநாள்களுக்குள் தொகையைக் கணக்கில் நிழல் வரவாக வைக்கவும், 90 நாள்களுக்குள் புகாரைத் தீர்க்கவும் 2017 சுற்றறிக்கை வங்கிகளுக்கு நெறி வகுத்தது. விதிகள் அவ்வப்போது திருத்தப்படுவதால், நடப்பிலுள்ள வரம்புகளைக் கிளையில் கேட்டுக்கொள்வது நன்று.

அல்சூர் மாணவி அடுத்த வாரமே ஏணியை முழு நிரலாக எழுதி, கைப்பேசியில் படமெடுத்துக் கொண்டுவந்து காட்டினார். 3, 4, 7, 8 ஆகிய எண்களை இட்டுச் சோதித்திருந்தார். நான்கும் சரியாக வந்தன. ‘வேலைநாள்’ என்ற இடத்தில் 0 என்று இட்டாரா என்று கேட்டோம். செய்தி கிடைத்த அன்றைக்கே அறிவித்தவருக்கு அதுதான் மதிப்பு. இட்டுப் பார்த்தார், பொறுப்பு சுழியம் என்றே வந்தது. பின்பு அவராகவே, குறுஞ்செய்தி வருவதற்கு முன்பே கணக்குப் புத்தகத்தில் பதிவு போடும்போது பார்த்துவிட்டுப் புகார் செய்தவருக்கு எந்த எண்ணை இடுவது என்று கேட்டார். அதற்கு இன்னும் ஓர் இஃப் சேர்க்க வேண்டுமா, இருப்பதே போதுமா என்று இருவரும் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அதற்குள் அவர் தந்தையின் டோக்கன் எண் அழைக்கப்பட்டுவிட்டது.